ஓடு. பத்திரம்.

5 பிப்ரவரி 2024

அக்கா,

கவரப் பாத்ததும் பயந்துராத. நான் நல்லா இருக்கேன். சாப்பிடுதேன், தூங்குதேன். மொதல்ல அத எழுதணும்னுதான் இவ்வளவு நேரம் பேனாவக் கையில வச்சிட்டு இருந்தேன்.

நீ வேலை பாக்குற மாட்டுங்கா கடை அட்ரஸ் அப்பளக் கவர்ல அச்சடிச்சிருக்கும்லா, அது எனக்கு மனப்பாடம். வீட்டுக்குப் போட்டா அத்தான் கையிலதான் மொதல்ல கிடைக்கும். தம்பி விசயம்னு வந்துட்டா அத்தான் தம்பி பக்கந்தான். நாம அக்கா தங்கச்சி அண்ணன் தம்பியக் கட்டுனதுல இதான் கஷ்டம்.

என் போனத் தலகாணிக்கு மேலயே வச்சிட்டு வந்துட்டேன். உன் போனுக்கும் பேச மாட்டேன். அத உனக்கு வாங்கிக் குடுத்ததே எங்க வீட்டு அவியதான. உள்ள என்னத்தப் போட்டு வச்சிருக்காவளோ. லெட்டர்னா பயமில்ல. அவியளுக்குத் தமிழ் வாயிலதான வரும், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. எனக்கும் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல ஏழாங்கிளாஸ் வரைக்குந்தான் தமிழ். ல, ள, ழ மாறிக் கெடந்தா ஏசாத.

நீ குடுத்துவிட்ட முறுக்கு டப்பா வந்துச்சு. அவிய வழக்கம்போல எல்லாத்தையும் தரையில கொட்டிப் பாத்தாவ. அடியில பேப்பர்ல சுத்தி ஒரு மண் துண்டு, கூட ஒரு சீட்டு. ‘இது என்ன எழுதியிருக்கு, வாசி’ன்னாவ. வாசிச்சேன்.

ஓடு. பத்திரம். யாரிடமும் சொல்லாதே.

ஒரு நிமிசத்துல உன் மூளை புரிஞ்சிட்டு. அந்த மண் துண்ட எதுக்குக் கூட வச்சிருக்கன்னு. ‘ஓடுன்னா ஒடஞ்ச சட்டித் துண்டு, உங்க மைனி எலிபெண்டா தீவுக்குப் போன எடத்துல பொறுக்கிருக்கா, பத்திரமா வைக்கச் சொல்லுதா’ன்னு சொன்னேன். அவிய சிரிச்சிட்டு, ‘உங்கக்கா ஒரு கோட்டி’ன்னுட்டுப் போயிட்டாவ. நாலு வருசத்துல நான் அவியகிட்ட சொன்ன ஒரே பொய் அது. எனக்குன்னு ஒருத்தி இருக்கான்னு அன்னைக்குத்தான் நம்புனேன்க்கா.

அதுக்குப் பெறகு நேரம் பாத்துட்டே இருந்தேன். சிலிண்டர்க்காரன் வந்தான், கதவு தொறந்து கெடந்துச்சு, அவிய குளிச்சிட்டு இருந்தாவ. எதுத்த வீட்டு மெஹராஜ் அவ புர்க்காவ எடுத்து என் தலையில போட்டா. அதோடயே சுனாபட்டி ஸ்டேஷனுக்கு நடந்தேன். அவிய கூட்டாளி ஒருத்தன் டீ குடிச்சிட்டு நின்னான். அவன உரசிட்டுத்தான் போனேன்.

இப்ப செல்வமேரின்னு ஒரு அக்கா நடத்துற ஹாஸ்டல்ல இருக்கேன். மெஹராஜுக்குத் தெரிஞ்சவங்க. அட்ரஸ் தனித் தாள்ல இருக்கு. நீ மட்டும் வச்சுக்க. யாரு வந்து என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். உன் கையெழுத்துல, தமிழ்ல வந்தா நம்புவேன்.

நீ சொன்ன, நான் செஞ்சிட்டேன்.

பிரேமா


12 பிப்ரவரி 2024

ஏட்டி பிரேமா, கூறுகெட்டவளே,

உசுரோட இருக்கியே, அது போதும். இத்தன நாளா சோறு எறங்கல எனக்கு. கடை மொதலாளி மகாதேவன் சார் கவரத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ‘உங்களுக்கு ஒரு லெட்டர் வந்திருக்கும்மா, இந்தக் காலத்துல யார் லெட்டர் போடறா’ன்னு குடுத்தாரு. உளுந்து மூட்டைக்குப் பின்னால உக்காந்து வாசிச்சேன். வாசிச்சு முடிச்சதும் தலைய எதுலயாவது போயி முட்டிக்கிடலாம்னு வந்துச்சு.

நான் உன்ன ஓடவா சொன்னேன்ட்டி? ஓடுன்னா ஓடு. சட்டி ஓடு, பானை ஓடு. நீ அவங்கிட்ட பொய்னு நெனச்சு சொன்னியே, அதுதான்ட்டி நெசம். ஓடிப்போன்னு சொல்லணும்னா ‘ஓடிப்போயிரு’ன்னு எழுதிருக்க மாட்டனா. உன்ன நல்ல எடத்துல கட்டிக் குடுத்துட்டு, ஓடுன்னு சொல்ல எனக்கென்ன கிறுக்கா.

நடந்தத சொல்லுதேன், கேளு. எங்க பச்சத் கட் சேமிப்புக் குழுப் பொம்பளையோ எல்லாம் எலிபெண்டா போறதா இருந்துச்சுல்லா, உன் பேரையும் குடுத்திருந்தேன். கடைசி நேரத்துல ‘அனுப்ப முடியாது மைனி, கடல்’ன்னு உன் புருசன் ராஜபாண்டி சொல்லிட்டான். கேட்வே ஆஃப் இந்தியாவுல லாஞ்சு ஏறும்போதே எனக்கு மனசு சரியில்ல. எல்லாரும் பாட்டுப் பாடிட்டு வந்தாளுவ. எனக்குப் பக்கத்துல உன் எடம் காலியா இருந்துச்சு, அதுல புளியோதரை வாளிய வச்சிருந்தேன். எறங்குன ஒடனே அத ஒரு கொரங்கு தூக்கிட்டுப் போயிட்டு.

மலையக் கொடஞ்சு கோயில் மாதிரி கட்டிருக்கான். ஆயிரத்து ஐந்நூறு வருசம் ஆச்சாம். மூணு தலை சாமி ஒண்ணு, நம்ம ஒத்த ரூமு கோலி வீட்ட விடப் பெருசு. மூணும் கண்ண மூடிட்டு இருக்கு. எம்புட்டு நேரம் நின்னாலும் தொறக்கல. மத்த சாமிக்கெல்லாம் கை இல்ல, கால் இல்ல, யாரோ ஒடச்சுப் போட்டிருக்கான். பாதி ஆணு பாதி பொண்ணா ஒரு சிலை. ‘பாதியக் குடுத்த ஒரே புருசன் கல்லாலதான் இருக்கான்’னு ஒருத்தி சொல்ல, கைடு வந்தனாவுக்குத் தமிழ் புரியாமலே அவளும் சேந்து சிரிச்சா.

பெறகு அந்த வந்தனா எங்களத் தீவோட மறுபக்கக் கரைக்குக் கூட்டிட்டுப் போனா. அங்கன சேத்துல ஓடு ஓடாக் கெடக்கு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ரோம்லருந்து கப்பல்ல சாராயம் வருமாம், அந்த ஜாடி ஒடஞ்ச துண்டாம். எடுக்கக் கூடாது, எடுத்தா கேஸ்னு மொதல்லயே சொல்லிட்டா. எனக்கு அதப் பாத்ததும் உன் நெனப்பு. சட்டிப் பானை செய்யுற கும்பர்வாடாவுல பொறுக்குன சில்ல வச்சுக்கிட்டு நீ கட்டத்துல நொண்டியடிச்சுப் பாண்டி ஆடுவல்லா, உன்ன யாராலயும் செயிக்க முடியாது. அவ அந்தப் பக்கம் திரும்புனதும் ஒண்ண எடுத்து இடுப்புல சொருகிட்டேன். வராதவளுக்கு வந்த மாதிரி இருக்கட்டும்னு நெனச்சேன், வேற ஒண்ணுமில்ல. திருட்டுப் பொருளுங்கதாலதான் பத்திரம்னும் சொல்லாதேன்னும் எழுதினேன்.

போனது போட்டும். இப்ப வந்தாலும் ஒண்ணும் கெட்டுப் போகல. அவன் கோவக்காரந்தான், ஆனா உன் மேல உசுரு. உங்க அத்தாங்கிட்ட நீ உசுரோட இருக்கங்கத மட்டும் சொன்னேன், வேற மூச்சு விடல. சண்ட நடக்காத வீடு எது? ஊரு வாய மூட உலமூடி கெடையாது. சீக்கிரம் வந்து சேரு.

உன் அக்கா
மாரீஸ்வரி


19 பிப்ரவரி 2024

அக்கா,

உன் லெட்டர வாசிச்சிட்டு மொதல்ல சிரிச்சேன். செல்வமேரி அக்கா வந்து எட்டிப் பாத்தாங்க. பெறகு நான் அழுதத அவங்க பாக்கல.

ஒண்ணு கேக்கேன். நாம சின்னதுலருந்து அத சில்லுன்னுதான சொல்லுவோம்? நீயே இந்த லெட்டர்ல சில்லுன்னு எழுதிருக்க. ஓடுன்னு உன் வாயில நான் எப்பக் கேட்டேன்? சீட்டுல ‘சில்லு’ன்னு எழுதிருந்தா நான் இன்னைக்கும் சுனாபட்டியில அந்த நாலாவது மாடியிலதான் இருந்திருப்பேன். ஒரு வார்த்தையில தப்பிச்சிருக்கேன்.

ராஜபாண்டி கோவக்காரன்னு எழுதிருக்க. அவிய கோவப்பட்டு நான் பாத்ததே இல்லக்கா. சத்தம் போட மாட்டாவ. ஏசி ரிப்பேருக்குக் கெளம்பும்போது சிரிச்சிட்டே வெளியில பூட்டிட்டுப் போவாவ. ‘பத்திரமா இரு’ம்பாவ. பெறகு ராத்திரி வரைக்கும் நானும் செவுருந்தான். மாடியில ஒரு தடவ தீப்பிடிச்சு பொகை வந்துச்சு, பில்டிங்கே எறங்கி ஓடுச்சு. நான் கிரில்லப் பிடிச்சிட்டு மெஹராஜ், மெஹராஜ்னு கத்துனேன். அவ ஆள் வச்சு ஒடைக்கப் பாத்தா, ஒடையல. தீ தானா அணைஞ்சுது. சாயந்தரம் அவிய வந்து என்ன செஞ்சாவ தெரியுமா? பூட்டத் தடவிப் பாத்துட்டு, ‘நல்ல கம்பெனி’ன்னாவ.

இத நான் உங்கிட்ட சொன்னேன். பொங்கலுக்கு வந்தப்ப, நீ கரும்பு வெட்டிட்டு இருக்கும்போது. ‘பம்பாய்ல பூட்டாத வீடு உண்டா, அக்கறையிலதான பூட்டுதான்’ன்னு சொல்லிட்டு, அடுத்த துண்ட வெட்டுன. அதுக்குப் பெறகு அந்தச் சீட்டு வரவும், பரவால்ல, அக்காவுக்குக் கேட்டிருக்குன்னு நெனச்சேன். கேக்கலைன்னு இப்பத் தெரியுது.

உன் ஓட்ட இத்தோட வச்சிருக்கேன். கேஸ் ஆவும்னு நீ பயப்படுத, எடுத்த எடத்துலயே கொண்டு போட்டுரு. ஆனா வார்த்தையத் திருப்பித் தர மாட்டேன். அது எனக்கு வந்தது.

அத்தாங்கிட்ட ஏன் சொன்ன? அட்ரஸ் சொல்லலைல்லா?

பிரேமா


27 பிப்ரவரி 2024

பிரேமா,

நீ எழுதுனது எல்லாம் வாசிச்சேன். தீப்பிடிச்சது எனக்குத் தெரியாது. நீ சொல்லிருந்தா நான் ஏன் கேக்காம இருக்கப் போறேன். பொங்கல் அன்னைக்கு வீடு நெறைய ஆளு, ஒரு காதுல வாங்கி ஒரு காதுல விட்டிருப்பேன். அதுக்குன்னு இப்படியா குத்திக் காட்டுவ. அம்மா போனதுலருந்து உனக்குத் தலை சீவி விட்டது யாரு.

ராஜபாண்டி வந்திருந்தான். பாதி ஆளா ஆயிட்டான்ட்டி. சட்டை தோள்ல நிக்கல. என் காலடியில உக்காந்து, ‘மைனி, நான் என்ன தப்பு செஞ்சேன், அடிச்சேனா, குடிச்சேனா’ன்னு கேக்கான். உங்க அத்தான் அங்கிட்டுத் திரும்பிக் கண்ணத் தொடைக்காவ. இந்த மனுசன் அவுக அம்மா செத்ததுக்கே அழல.

அட்ரஸ் நான் சொல்லல. அத்தான் ரொம்பக் கேட்டதால எந்த ஊருங்கத மட்டும் சொன்னேன். அதுல என்ன இருக்கு, அம்மாம் பெரிய ஊருல உன்ன எங்க போயித் தேட. நீ கெணத்துலயும் குளத்துலயும் விழலைன்னு அவனுக்கு ஒரு நிம்மதி வேணாமா.

ஞாயித்துக்கெழம சுனாபட்டிக்குப் போயி அவனுக்கு ஒரு மீன் கொழம்பு வச்சுக் குடுத்துட்டு, வீட்டையும் கூட்டிப் பெருக்கிட்டு வாரேன். நீ வரும்போது வீடு வீடா இருக்கணும்.

ஓடு வந்து சேந்துச்சு. அரிசி டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். நீ என்ன வேணா சொல்லு, நான் சொன்னது அந்த ஓடுதான், வேற இல்ல.

மாரீஸ்வரி


4 மார்ச் 2024

அக்கா,

ஊர் பேரச் சொல்லிட்ட.

எனக்கு இங்க தையல் யூனிட்ல வேலை கெடச்சிருக்கு. ரூமுக்கு உள்ள ஒரு தாழ்ப்பாள் இருக்கு. நானே போடுதேன், நானே எடுக்கேன். சும்மாவே எந்திரிச்சுப் போட்டு எடுத்துப் பாப்பேன். கூட இருக்கிற பிள்ள சிரிக்கா. அத உங்கிட்ட எழுதணும்னு வச்சிருந்தேன். இப்ப அதெல்லாம் எழுதத் தோணல.

இங்க லேடீஸ் ஹாஸ்டல் எத்தன இருக்கும்னு நெனைக்க? அத்தானுக்கு எண்ணத் தெரியும்.

இனிமே எனக்கு எழுதாத.

பிரேமா


8 மார்ச் 2024

பிரேமா,

எழுதாதேன்னு சொன்ன. இது ஒண்ணு மட்டும் வாசிச்சிரு. இத தபால்ல போடல, மெஹராஜ் கையில குடுத்துவிடுதேன். நாளைக்கு வெள்ளன ரயில்ல வாரா. வாயால சொல்லிருவா, ஆனா நீ யாரு சொன்னாலும் நம்ப மாட்டன்னு எழுதுனல்லா. அதான் என் கையெழுத்துல.

போன ஞாயித்துக்கெழம ராஜபாண்டி வீட்டுக்குப் போனேன். பாய மடிச்சுட்டுக் கூட்டுனேன். பாய்க்கு அடியில சாக்பீஸ்ல கட்டம் போட்டுக் கெடந்துச்சு, பாண்டி ஆடுற கட்டம். காலு பட்டுப் பட்டு அழிஞ்சிருந்தாலும் எனக்குத் தெரியாதா. நான் அனுப்புன சில்ல வச்சுத் தனியாவாட்டி ஆடுன? அப்படியே கீழ உக்காந்துட்டேன்.

அவன் வந்து, ‘என்ன மைனி, முடியலையா’ன்னு கேட்டான். ஒண்ணுமில்லடா, மல்லித்தழை இல்ல, வாங்கிட்டு வாடான்னேன். சரின்னு எறங்குனான். கதவச் சாத்துன சத்தம் கேட்டுச்சு. பெறகு பூட்டுற சத்தம்.

மொதல்ல எனக்கு வெளங்கல. போயி இழுத்தேன். வரல. உள்ள தாழ்ப்பாள் எங்கன்னு தேடுனேன். அது இருந்த எடத்துல ஓட்டை மட்டும் இருக்கு, அதையும் வெள்ளை சிமிண்டு வச்சு அடைச்சுப் பெயிண்டு அடிச்சிருக்கான். எத்தன தடவ இந்த வீட்டுக்கு வந்திருக்கேன், ஒரு தடவ கூட நான் அதப் பாக்கலையே. அடுப்புல கொழம்பு கொதிக்கி. கேஸ அணைச்சேன். நீ சொன்ன தீ ஞாபகத்துக்கு வந்துட்டு. ‘மெஹராஜ்’ன்னு கூப்பிட்டேன். நீ கூப்பிட்ட அதே பேர. அவ கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்னு, ‘பாபி, தண்ணி குடிச்சிட்டு ஜன்னல் பக்கம் உக்காருங்க, பிரேமா அப்படித்தான் செய்வா’ன்னா. ஜன்னல்ல உக்காந்தேன். கீழ ரயில் போகுது, ஆளு ஏறுது, எறங்குது. ஒருத்தி கூட மேல பாக்கல.

அவன் வந்து தொறந்தான். கையில மல்லிக்கட்டு. என்னப் பாத்துட்டு, ‘அய்யோ, பழக்கதோசம் மைனி’ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன்ட்டி. அதச் சொல்லத்தான் எனக்கு மானம் போகுது. சிரிச்சிட்டு, அவனுக்குச் சோறு போட்டு, மீனு நல்ல துண்டாப் பாத்து வச்சேன். பயம். நாலு வருசமா நீ எப்படிச் சிரிச்சிருப்பன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. பம்பாய்ல பூட்டாத வீடு இல்லன்னு சொன்னேன். ஆளு வெளிய போனா வீட்டப் பூட்டுவாவ. ஆள உள்ள வச்சா பூட்டுவாவ? எனக்கு அது அன்னைக்குத் தோணாமப் போச்சே.

வீட்டுக்கு வந்து உங்க அத்தாங்கிட்ட சொன்னேன். கதவப் பூட்டிட்டான், என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டான்னு. ‘மறதியில செஞ்சிருப்பான்’ன்னுட்டு டிவியப் பாத்தாவ. மேல பேசப் பேச, ‘நீ ஒருத்தியக் கெடுத்தது போதும்’ன்னாவ. சீட்டு விசயத்த நான் சிரிச்சிட்டு சொல்லி வச்சிருந்தேன் பாரு, நான்தான் உன்ன ஓடச் சொன்னேன்னு இப்ப அவுக ரெண்டு பேரும் சாதிக்காவ. இல்லன்னு சொல்ல வாயத் தொறந்தேன். பெறகு மூடிக்கிட்டேன்.

நேத்து ரெண்டு பேரும் பேசிட்டு இருந்ததக் கேட்டேன். வார ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துட்டு அந்த ஊருக்கு வாராவ. ‘லேடீஸ் ஹாஸ்டல் என்ன நூறா இருக்கப் போவுது, ஒவ்வொண்ணா ஏறி எறங்குனா ஆச்சு’ன்னு உங்க அத்தான் சொல்லுதாவ. நீ எழுதுன மாதிரியே. அவன் சிரிச்சிட்டு, ‘பத்திரமாக் கூட்டிட்டு வந்துருவோம் அண்ணாச்சி’ங்கான். அந்தப் பத்திரம் எதுன்னு எனக்கு இப்பத் தெரியும்.

இன்னைக்கு சிவராத்திரி. சாமி கும்பிடப் போறேன்னு சொல்லிட்டு, அரிசி டப்பாவுல கெடந்த ஓட்ட எடுத்துட்டு லாஞ்சு ஏறுனேன். தீவு பூரா கூட்டம். குகைக்குள்ள பூவும் புகையுமா இருக்கு, மூணு தலைக்கும் இன்னும் கண்ணு தொறக்கல. நான் நேரா மறுபக்கக் கரைக்குப் போயிட்டேன். எந்த எடத்துல எடுத்தேன்னு எனக்கே தெரியல, எல்லாம் ஒண்ணு போல இருக்கு. தண்ணி வத்திக் கெடந்துச்சு. சேத்துக்குள்ள எறங்கி, மத்த ஓட்டுக்கு நடுவுல வச்சிட்டு வந்தேன். திரும்பிப் பாத்தா எது நான் வச்சதுன்னு தெரியல. வந்தனா தூரத்துல ஒரு கூட்டத்தக் கூட்டிட்டு நின்னா, கைய ஆட்டுனா. நானும் ஆட்டுனேன்.

லாஞ்சுல வரும்போது ரொம்ப நேரம் யோசிச்சேன். அன்னைக்கு ஏன் சில்லுன்னு எழுதாம ஓடுன்னு எழுதினேன்? எழுதுறதுன்னா நல்ல தமிழ்ல எழுதணும்னு ஒரு நெனப்பு, அவ்வளவுதான். உனக்காக எதையும் நெனச்சு எழுதல. உன்னக் காப்பாத்துனது என் மனசு இல்ல, என் பவிசு. அத நெனச்சா தாங்க முடியல பிரேமா. நீ நம்பிட்டு இருந்த அக்காவா நான் அன்னைக்கு இல்ல.

மெஹராஜ் கையில என் கம்மலும் குடுத்திருக்கேன், வாங்கிக்க. ஞாயித்துக்கெழமைக்கு முன்னால அந்த எடத்த விட்டுப் போயிரு. செல்வமேரி அக்காவுக்கு வேற ஊரு தெரிஞ்சிருக்கும். இங்க என்ன நடந்தாலும் நான் பாத்துக்கிடுதேன். நான்தான் சொன்னேன்னு அவுக சொல்லுதாவல்லா, சொல்லட்டும், ஆமான்னு சொல்லப் போறேன்.

ஓடு இப்ப எங்கிட்ட இல்ல, கடல்ல இருக்கு. இந்தக் கவர உதறிப் பாத்தாலும் ஒரு துண்டு விழாது. அதனால இத நீ வேற மாதிரி வாசிக்க முடியாது. மறுபடியும் நல்ல தமிழ்லயே எழுதுதேன்.

ஓடு. பத்திரம். யாரிடமும் சொல்லாதே. என்னிடமும்.

அக்கா